நாலில் இரண்டு

லோகநாதனின் முழங்கால் ஆடும்போதெல்லாம் பெஞ்சு ஆடியது. பெஞ்சு ஆடினால் பூபதியும் ஆடித்தான் ஆகவேண்டியிருந்தது. அக்காவின் புருஷன் காலை ஆட்டினால் மச்சினன் என்ன சொல்ல முடியும்? ஈரோடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருக்கும் இந்த பிரவுசிங் சென்டரில், மதியம் மூன்றேகால் மணிக்கு, கிறீச்சிடும் ஒரு மின்விசிறி, விட்டு விட்டு இருமும் ஒரு பிரிண்டர், லேமினேஷன் மெஷினிலிருந்து வரும் சூடான பிளாஸ்டிக் வாசனை, அப்புறம் இவர்களுக்கு முன்னால் இரண்டு பேர். "ரெண்டே பேருதான் மாப்ள, சித்தெ நேரத்துல ஆயிரும்" என்று லோகநாதன் மூன்றாவது தடவையாகச் சொன்னார். சித்தெ நேரம். ஐந்து மணிக்குத் தேர்வு நடத்தும் சங்கத்தின் இணையதளம் மூடிவிடும். அதற்குள் பூபதி கணக்காளர் படிப்பின் கடைசிக் கட்டத் தேர்வுக்கு விண்ணப்பித்தாக வேண்டும். நாலு விருப்பத் தாள்களில் இரண்டை டிக் செய்தாக வேண்டும். சட்டம், நிர்வாக நெறி, நிதி, தணிக்கை. நாலில் இரண்டு. ஐந்து வருடப் பதிவு இந்தத் தேர்வோடு முடிகிறது. இதிலும் விழுந்தால் திரும்பப் பதிவு செய்து, திரும்ப வரிசையில் நின்று, திரும்ப எல்லாரிடமும் விளக்கம் சொல்லி, முப்பது வயதைத் தாண்டியும் ஆடிட்டர் ஆபீசில் "நம்ம பூபதி" என்று தோளில் தட்டப்படுகிற ஆளாகவே இருக்கவேண்டியதுதான். ஒன்பதாம் வகுப்பில் கரும்பலகை மங்கத் தொடங்கியது. பன்னிரண்டாம் வகுப்பு முடிவதற்குள் கண் முழுசாகப் போய்விட்டது. இப்போது வயது இருபத்தெட்டு. கண் போன கதையை அவன் ஒரு வரியில் சொல்லிவிடுவான், அது அவனுக்குப் பழைய கதை. மற்றவர்களுக்குத்தான் அது தினமும் புதுசாக இருந்தது.

காலையில் வீட்டிலேயே முடித்திருப்பான். லேப்டாப் இருக்கிறது, திரையைப் படித்துக் காதில் சொல்லும் மென்பொருள் இருக்கிறது, பத்து விரலும் நல்லபடியாக இருக்கின்றன. பேர், அப்பா பேர், பதிவு எண், தேர்வு மையம், எழுதிக்கொடுக்க ஆள் வேண்டுமா, வேண்டும், என்று ஒவ்வொன்றாக நிரப்பி, நாலு கட்டங்களில் இரண்டை டிக் செய்து, கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது தளம் கேட்டது: நீங்கள் மனிதர்தான் என்று நிரூபியுங்கள். படத்தில் தெரியும் எழுத்துகளை அப்படியே தட்டுங்கள். படத்தில் தெரியும்! பக்கத்தில் காதால் கேட்பதற்கு ஒரு பொத்தான் வைத்திருந்தார்கள், அழுத்தினால் ஒரு கரகரப்பு வந்து அடங்கியது. அவ்வளவுதான். பதினோரு தடவை அழுத்தினான். பதினொன்றாவது தடவை தளம் அவனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டது, நிரப்பியதெல்லாம் போயிற்று. மனிதர்தானாமே! இருபத்தெட்டு வருஷமாகச் சோறு தின்று, சளி பிடித்து, அக்காவோடு சண்டை போட்டு, கூடப் படித்தவள் ஒருத்தியிடம் மனசைச் சொல்லி, "நீங்க ரொம்ப நல்லவருங்" என்று அவள் பதில் சொல்லிவிட்டுப் போன பிறகு மூன்று மாதம் சரியாகத் தூங்காமல் கிடந்த ஆள், மனிதன் இல்லாமல் மாவு மில்லா? உதவி எண்ணுக்குப் போன் போட்டான். இருபத்திரண்டு நிமிஷம் சங்கீதம் கேட்க வைத்துவிட்டு ஒரு பையன் வந்தான். குரலில் குறையில்லாத மரியாதை. "பக்கத்துல யாராச்சும் இருந்தா படிச்சுச் சொல்லச் சொல்லுங்க சார்" என்றான். பக்கத்தில் யாராச்சும். இந்த நாட்டில் கண் தெரியாதவனுக்கு என்று யோசித்து வைத்திருக்கும் மொத்த ஏற்பாடும் இந்த இரண்டு வார்த்தைதான். வங்கியில் போய்க் கேட்டால் பக்கத்தில் யாராச்சும், ஆஸ்பத்திரியில் கேட்டால் பக்கத்தில் யாராச்சும். அந்த யாராச்சும் யார், அவர் மனசில் என்ன இருக்கிறது, நீ சொன்னதைச் செய்வாரா, உனக்கு நல்லது என்று அவர் நினைப்பதைச் செய்வாரா, அதெல்லாம் யாருக்குக் கவலை. பெஞ்சு ஆடியது. பக்கத்தில் யாராச்சும் உட்கார்ந்துகொண்டுதான் இருந்தார்.

சட்டம் எடு. எல்லாரும் ஒரே வாயாக அதைத்தான் சொன்னார்கள். சட்டமும் நிர்வாக நெறியும் எடு, இரண்டிலும் கட்டம் கிடையாது, கணக்கு கிடையாது, நீ பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போகலாம், எழுதுகிற பிள்ளை எழுதிக்கொண்டே போகும். அக்கா சொன்னாள். டியூஷன் மாஸ்டர் சொன்னார். மூன்று வருடம் யாரிடம் வேலை பழகினானோ அந்த ஆடிட்டர் தெய்வசிகாமணி டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: "பூபதி, தப்பா எடுத்துக்காதே. தணிக்கைங்கறது பாக்கற வேலை. நான் பாத்தேன்னு கையெழுத்துப் போடோணும். நீ எப்படிப்பா போடுவே?" தப்பா எடுத்துக்காதே என்று ஆரம்பிக்கிற எந்தப் பேச்சையும் சரியாக எடுத்துக்கொள்ள வழியே இல்லை. பாக்கற வேலையாம். காங்கேயத்துப் பக்கம் அந்த எண்ணெய் ஆலையில் பார்த்தார்களே, அந்த மாதிரியா? சரக்கு இருப்பைச் சரிபார்க்கப் போனார்கள், இரண்டு சீனியர்கள், கூட இவன். இவனைச் சும்மா கூட்டிப்போனார்கள், ஆபீசில் தனியாக உட்கார வைக்க வேண்டாமே என்று. சீனியர்கள் கிடங்கு வாசலில் நின்றபடியே பார்த்தார்கள். வரிசைக்குப் பத்து, ஆறு வரிசை, அறுபது டிரம், டிக். சரக்குப் பதிவேட்டிலும் அறுபது, டிக். நாற்காலி வந்தது, இளநீர் வந்தது. இவனுக்கு அப்படி எண்ணத் தெரியாது. இவனுக்கு ஒரே வழிதான், ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ண வேண்டும், தொட்டதை மறுபடி தொட்டுவிடாமலிருக்க விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு நகர வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கில் கையெல்லாம் வழுக்கியது. ஐம்பது வரைக்கும் மொத்து மொத்தென்று கேட்டது. கடைசி வரிசை பத்தும் கணீர் கணீர் என்றன. காலி. அப்புறம் மானேஜர் ஏதோ லாரி, ஏதோ தாமதம் என்று குழறினார், சீனியர்கள் இளநீரைக் கீழே வைத்தார்கள். திரும்பி வரும்போது காரில் ஒரே பாராட்டு. கண்ணு போனா காது கூர்மையாயிரும்னு சொல்லுவாங்க, நெசந்தான் போ. எவனுக்கு வேண்டும் இந்தக் கூர்மை! காலி டிரம்மைத் தட்டினால் யார் காதிலும் அப்படித்தான் கேட்கும். அவர்கள் தட்டவில்லை, இவன் தட்டினான். இதில் காதுக்கு என்ன பெருமை, வேலையைச் செய்தவனுக்கு அல்லவா பெருமை? அறிக்கையில் "நேரில் பார்வையிட்டபோது பத்து டிரம்கள் காலியாக இருப்பது தெரியவந்தது" என்று எழுதி சீனியர் கையெழுத்துப் போட்டார். அந்த அறிக்கையை ஆபீஸ் கம்ப்யூட்டர் இவன் காதில் வரிவரியாகப் படித்துக் காட்டியது, கடைசி வரி வரைக்கும். பூபதி என்ற பேர் வரவில்லை.

"உள்ள போனவரு எழுந்துட்டாரு, இனி ஒருத்தருதான்" என்றார் லோகநாதன். முன்னால் நாற்காலி தேய்ந்தது. வயது முதிர்ந்த ஒரு அம்மாள் ஏதோ சான்றிதழுக்கு வந்திருந்தாள். சென்டர் நடத்தும் கலாமணி என்ற பெண் அவளிடம் ஆதார் எண்ணைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பூபதிக்குப் பின்னால் ஒருவர் பீடி வாசனையோடு வந்து பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தார். லைசென்ஸ் புதுப்பிக்கோணும், லாரி ஓட்டறேன், என்று யாரும் கேட்காமலேயே லோகநாதனிடம் சொன்னார். அவர்கள் இருவரும் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். லோகநாதன் மின்வாரியத்தில் லைன்மேன், மழையைப் பற்றி அவருக்குச் சொல்ல நிறைய இருந்தது. நல்ல மனிதர். அதுதான் கஷ்டம். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும் என்று பூபதி நினைத்தான், நினைத்ததற்காக வெட்கப்பட்டான், வெட்கப்பட வைத்ததற்காக அவர்மேல் மறுபடியும் கோபம் வந்தது.

போன நவம்பர். அதை நினைக்கக்கூடாது என்று வைத்திருந்தான், ஆனால் இந்தப் பெஞ்சின் ஆட்டத்துக்கு அது மேலே வந்துவிட்டது. கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி, கீழ்த்தளத்தில் இவனுக்கென்று தனி அறை, எழுதிக்கொடுக்க ஈரோட்டிலிருந்தே ஏற்பாடு செய்திருந்த, தாவரவியல் படிக்கும் ஒரு பெண். பாடம் தெரிந்த ஆள் எழுதக்கூடாது என்பது விதி. ஐந்து மாதம் நிதித் தாளுக்குப் படித்திருந்தான், குரல் பதிவுகளாகப் போட்டு, பஸ்ஸில், பாத்ரூமில், அக்கா தேங்காய் துருவும் சத்தத்துக்கு நடுவில். மணி அடித்தது. அந்தப் பெண் உறையைப் பிரித்து, "அண்ணா, மேல சட்டம்னு போட்டிருக்குதுங்" என்றாள். வேறே தாளைக் கொடுத்துட்டாங்கம்மா, சூப்பர்வைசரைக் கூப்பிடு என்றான். அவர் வந்தார், ஹால் டிக்கெட்டை வாங்கினார், தாள் சரசரத்தது. "ஹால் டிக்கெட்ல அப்படித்தானுங் தம்பி இருக்கு. நிதி இல்ல, சட்டம்." அந்த நிமிஷம் காதுக்குள் ஒரு கூவல் எழுந்தது, குக்கர் விசில் மாதிரி, அடங்கவே இல்லை. மூன்று மணி நேரமும், கூடுதலாகக் கொடுத்த ஒரு மணி நேரமும், படிக்காத சட்டத்தை வாய்க்கு வந்தபடி சொன்னான். வெளியே வந்தால் லோகநாதன் வாசலில் பன்னும் தண்ணீர் பாட்டிலுமாக நின்றுகொண்டிருந்தார். கேட்டதும் அவர் மறைக்கவே இல்லை. "ஆமா மாப்ள, நாந்தான் மாத்திப் போட்டேன். அன்னிக்கு அந்தக் கோணல் எழுத்தப் படிச்சுச் சொல்லச் சொன்னீல்ல, அப்பப் போட்டேன். நிதியில கட்டங்கட்டமாப் போடோணுமாம், நீ திண்டாடுவேன்னு ஆடிட்டர் சார் சொன்னாரு. உங்கிட்டச் சொன்னா நீ ஒத்துக்கமாட்டே. எப்படியும் எல்லாந்தான் படிக்கறே, சட்டமும் படிச்சிருப்பீன்னு நெனச்சேன். உன்ற நல்லதுக்குத்தான்." சொல்லிவிட்டு பன்னைப் பிரித்து அவன் கையில் வைத்தார். சட்டத்தில் விழுந்தான். ஒன்றில் விழுந்தால் எல்லாத் தாளையும் மறுபடி எழுத வேண்டும்.

ஆனால் அவனை இன்றைக்கும் தின்பது லோகநாதன் செய்தது இல்லை. ஹால் டிக்கெட் படமாகத்தான் வந்தது, மென்பொருளால் படிக்க முடியவில்லை. பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்த லோகநாதனிடம், எல்லாம் சரியா இருக்குதுங்ளா மச்சான் என்று கேட்டான். "எல்லாம் சரியா இருக்கு மாப்ள." அதோடு வாங்கி ஃபைலில் வைத்துவிட்டான். அறுபது டிரம்மைத் தட்டிப் பார்த்தவன், ஒரு தாளைத் தட்டிப் பார்க்கவில்லை. எதிர்வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கலாம். மெடிக்கல் ஷாப்காரரிடம் நீட்டியிருக்கலாம். எழுதியவரிடமே சரிபார்க்கச் சொல்லக்கூடாது என்பது தணிக்கையில் முதல் பாடம், அதை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் இவன். ஏன் கேட்கவில்லை? மச்சான் தப்பாக எடுத்துக்கொள்வார் என்று. அக்காவுக்குத் தெரிந்தால் மூஞ்சியைத் தூக்கிக்கொள்வாள் என்று. சோறு போடுகிற வீட்டில் சந்தேகப்படலாமா என்று. சொந்தக்காரர்களைத் தணிக்கை செய்யக்கூடாது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை, ஆனால் அதை யாரும் சொல்லித்தராமலே எல்லாரும் படித்துத் தேறியிருக்கிறோம். கோபம் அங்கேயிருந்து கிளம்பி அவர்மேல் போய், அவர் லீவு போட்டுவிட்டு எட்டு நாள் பைக்கில் கூட்டிப்போனதை முட்டி, போக வழியில்லாமல் திரும்பி இவன்மேலேயே வந்து விழுந்தது. நாலு மாதமாக இப்படித்தான் போய்ப் போய் வருகிறது.

டீக்கடையிலும் இதே கதைதான். "அவருக்குச் சக்கரை போடலாமுங்ளா?" என்று மாஸ்டர் கேட்பார். அவருக்கு. இவன் ஒரு முழம் தள்ளித்தான் நின்றிருப்பான், காதும் வாயும் இருக்கிறது, கேள்வி லோகநாதனுக்குப் போகும். "போடுங்க, போடுங்க" என்பார் லோகநாதன். பூபதிக்குச் சர்க்கரை போட்ட டீ பிடிக்காது. ஏழு வருஷமாகக் குடித்துக்கொண்டிருக்கிறான். இன்று கிளம்பும்போதும் அப்படித்தான், நான் மட்டும் போய்க்கறேன் மச்சான் என்றான், ஆட்டோ பிடித்துக்கொள்வேன் என்றான். அக்கா சமையலறையிலிருந்து வந்து நின்றுகொண்டு, "உனக்காக அவரு டூட்டிய மாத்திட்டு நிக்கறாரு, நீ என்னமோ மூணாம் மனுசன் மாதிரி பேசறே" என்றாள். அதற்கு மேல் என்ன பேச்சு. பைக்கில் ஏறி உட்கார்ந்தான். வழியெல்லாம் லோகநாதன் மேடு பள்ளம் சொல்லிக்கொண்டே ஓட்டினார், இப்ப ஒரு ஸ்பீடு பிரேக்கர் மாப்ள, கெட்டியாப் புடிச்சுக்கோ.

அவர்கள் சொல்வது சரியாக இருந்துவிட்டால்? நிதித் தாளில் எட்டுக் கட்டமுள்ள அட்டவணையை வாயால் சொல்ல வேண்டும். அந்தத் தாவரவியல் பெண்ணை வைத்தே தை மாதம் ஒரு ஒத்திகை பார்த்தான். மூணாவது வரிம்மா, அஞ்சாவது கட்டம், இல்ல, அதுக்கு முந்தினது, கழித்தல் குறி வேண்டாம், அடைப்புக்குறி போட்டு உள்ளே எழுது. பிறகு அக்காவை விட்டுப் படிக்கச் சொன்னால், கட்டத்துக்குள் "அடைப்புக்குறி" என்று எழுத்தாலேயே எழுதி வைத்திருந்தாள் அந்தப் பிள்ளை, அதுவும் அழகான கையெழுத்தில் என்று அக்கா சிரித்தாள். அன்றைக்கு அவனும் சிரித்தான். அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தான், நாலு மணி நேரத்தில் ஒன்றரை மணி நேரம் கட்டம் போடுவதிலேயே போயிருந்தது. அதற்குப் பிறகு இரண்டு மாதம் தினமும் அவளை வரச் சொல்லி, மேலிருந்து கீழே ஒவ்வொரு கட்டமாக நிரப்பும் ஒரு முறையைப் பழக்கினான், இப்போது முக்கால் மணி நேரத்தில் வருகிறது. முக்கால் மணி போதுமா? போதும். தேர்வு அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல் வந்துவிட்டால்? புது ஆளை அனுப்பிவிட்டால்? நிதியில் விழுந்தால் அக்கா ஒன்றும் சொல்லமாட்டாள், டியூஷன் மாஸ்டர் ஒன்றும் சொல்லமாட்டார், எல்லாரும் ஒன்றுமே சொல்லாமல் இருப்பார்கள், அதுதான் தாங்காது. சட்டம் என்றால் தேறிவிடுவான். அது அவனுக்கே தெரியும். சட்டத்தை இவனாகவே எடுத்தால் அது இவன் விருப்பம்தானே, யாரும் மாற்றிப் போட்டதாகாதே? ஆகாதா? எல்லாரும் தள்ளித் தள்ளி ஒரு மூலைக்குக் கொண்டுவந்து விட்டபிறகு, நானாகத்தான் இங்கே வந்து நின்றேன் என்று சொல்லிக்கொள்ளலாமா? வெறும் வீம்புக்கு நிதியை எடுக்கிறேனா? வீம்பு என்றால்தான் என்ன, மற்றவர்களுக்கெல்லாம் வீம்பு இல்லையா, அவர்கள் வீம்புக்கு அனுபவம் என்று பேர், இவன் வீம்புக்கு மட்டும் வீம்பு என்றே பேரா?

"அடுத்து யாருங்? வாங்கண்ணா" என்றாள் கலாமணி. அந்த அண்ணா லோகநாதன். இருவரும் போய் உட்கார்ந்தார்கள். விவரத்தை லோகநாதன் சொன்னார், மச்சினனுக்குப் பரீட்சைக்குப் போடோணும், இன்னிக்குத்தான் கடைசி. கலாமணி தளத்தைத் திறந்தாள், விசைகள் படபடத்தன. "அவருக்கு எந்தெந்தப் பேப்பருங் போடோணும்?" என்று கேட்டாள்.

அவருக்கு. பூபதி வாயைத் திறக்கவில்லை. லோகநாதன் என்ன சொல்கிறார் என்று பார்த்துவிடலாம் என்று இருந்தான். அவர் மூச்சை இழுத்து நிறுத்துவது கேட்டது.

"நா ஒண்ணும் சொல்லல மாப்ள, நீதான் சொல்லோணும்" என்றார் லோகநாதன். "இருந்தாலும் காத்தால கூட ஆடிட்டர் சார் போன்ல... இது கடைசித் தடவை பாரு. சட்டம்னா ஒரே அடியில ஆயிரும். உன்ற அக்காகூட ராத்திரி பூரா..."

"கீபோர்ட இப்படித் தள்ளுங்க" என்றான் பூபதி.

"ஏனுங்?" என்றாள் கலாமணி.

"நானே போட்டுக்கறனுங்க. நீங்க பக்கத்துல இருங்க, போதும்."

"பின்னால ஆளு நிக்கறாங்களே சார்..."

"எனக்கு முன்னாலயும் ஆளு இருந்தாங்க. நான் உக்காந்துட்டுத்தானே இருந்தேன்?"

சத்தம் கொஞ்சம் பெரிதாகவே வந்துவிட்டது. கீபோர்டு தள்ளி வந்தது. மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினான், கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கும் படிக்கும் குரல் விழித்துக்கொண்டது. இங்கிலீஷ் பேசும் ஒரு பெண், கடை முழுக்கக் கேட்கும்படி. "அடடா, மெசினு பேசுது!" என்றார் லாரிக்காரர். பேசட்டும். பேர், அப்பா பேர், பதிவு எண். குரல் ஒவ்வொரு எழுத்தையும் சொல்லச் சொல்ல, கடையில் மற்ற பேச்சு நின்றுபோனது. மாற்றுத்திறனாளியா, ஆம். எழுதிக்கொடுக்க ஆள், ஆம். பிறகு நாலு கட்டங்கள். முதலில் சட்டம், டிக் செய்யப்படவில்லை, என்றது குரல். அங்கே நின்றான். கட்டைவிரல் ஸ்பேஸ் பார் மேலே இருந்தது. ஒரு அழுத்து, ஒரே அழுத்து, அக்கா ராத்திரி நிம்மதியாகத் தூங்குவாள், மச்சான் மூச்சை விடுவார், டீயில் சர்க்கரை போடுவார்கள், அவன் குடிப்பான், பேருக்குப் பின்னால் மூன்று எழுத்து வரும், யாராவது பாராட்டுவார்கள், கண்ணு இல்லாமயே பாருங்க என்று. கணீர் என்றது அந்த நினைப்பு. அவனுக்குத் தெரிந்த சத்தம்தான். விழுந்தால் விழட்டும், அவன் எடுத்த தாளில் விழுகிறான். விழுவதற்குக்கூடவா அடுத்தவர் டிக் போட வேண்டும்? அம்புக்குறியை அழுத்தினான். நிர்வாக நெறி, டிக் செய்யப்படவில்லை. அழுத்தினான். நிதி. ஸ்பேஸ் பார். டிக் செய்யப்பட்டது. தணிக்கை. ஸ்பேஸ் பார். டிக் செய்யப்பட்டது.

அப்புறம் வந்தது அது. நீங்கள் மனிதர்தான் என்று நிரூபியுங்கள்.

"இத மட்டும் படிச்சுச் சொல்லுங்க" என்றான். கலாமணி சொன்னாள், அவன் தட்டினான். தவறு என்றது தளம். புதுப் படம். மறுபடி சொன்னாள். தவறு. "இது ஓ-வா பூஜ்யமான்னே தெரியலீங்களே" என்று திரையருகே குனிந்தாள். லோகநாதன் குனிந்தார். லாரிக்காரரும் எழுந்து வந்து குனிந்தார். "அது ஓ இல்லீங்க, கியூ. வாலு தெரியுது பாருங்க." "வாலு இல்லண்ணா, அது குறுக்க ஒரு கோடு." "மாப்ள, ஏழுன்னு போடு." "ஏழு இல்லீங்க, ஒண்ணு." தவறு. மூன்று பேர், ஆறு கண்கள், மூன்று தடவையும் மனிதர்கள் இல்லை என்று ஆகிவிட்டது. பூபதிக்குச் சிரிப்பு வந்தது, அன்றைக்கு முதல் தடவையாக, அடக்கவும் தோன்றவில்லை. நாலாவது தடவை கதவு திறந்தது.

மேலும் இரண்டு பக்கம் இருந்தது. மாற்றுத்திறனாளிச் சான்றிதழை ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும், அது கலாமணியால்தான் ஆகும். அதற்குள் அவள் போன் அடித்தது. "அந்தப் பொம்பளைய சித்தெ நிறுத்திக்கறேனுங், ஒண்ணும் கேக்க மாட்டேங்குது" என்று குரலை நிறுத்திவிட்டாள். கீபோர்டு திரும்பிப் போனது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே மவுஸைத் தட்டினாள். டக். என்ன டக் அது? டக். முந்தின பக்கத்துக்குப் போகிறாளா, அடுத்த பக்கத்துக்கா? "ஓகே குடுத்துரட்டுங்ளாண்ணா?" என்று கேட்டாள், எந்த அண்ணாவை என்று சொல்லத் தேவையில்லை. "குடுங்க, குடுங்க" என்றார் லோகநாதன். சர்க்கரை போடுங்க, போடுங்க. டக், டக். பிரிண்டர் இருமி, தாளை இழுத்து, நிதானமாக எழுதித் தள்ளியது.

லோகநாதன் எழுந்து போய்த் தாளை எடுத்தார். ஒரு மூச்சு நேரம் பார்த்தார். பிறகு வந்து அவன் தோளில் கை வைத்தார். கரகரத்த, வாஞ்சையான, போன வருஷத்துக் குரல்.

"எல்லாம் சரியா இருக்கு மாப்ள."

பூபதி கையை நீட்டினான். தாள் வந்தது, இன்னும் சூடாக இருந்தது. அதை ஃபைலில் வைக்கவில்லை. பீடி வாசனை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துத் திரும்பினான். பதிவு செய்தவளிடம் கேட்கக்கூடாது. கூட நின்றவரிடம் கேட்கக்கூடாது. என்ன எதிர்பார்க்கிறோம் என்று முன்னாலேயே சொல்லிவிடவும் கூடாது.

"அண்ணா, இதுல என்ன எழுதியிருக்குதுன்னு படிச்சுச் சொல்றீங்ளா? மேலருந்து கீழ வரைக்கும், ஒண்ணு விடாம."

தோளிலிருந்த கை எடுபட்டது. "நாந்தான் பாத்துட்டேனே மாப்ள" என்றார் லோகநாதன். குரலில் கோபமில்லை, அடிபட்டிருந்தது. இத்தனை பேருக்கு நடுவில். இது அக்காவுக்குப் போகும், ராத்திரி சாப்பாட்டுத் தட்டு சத்தத்தோடு வந்து விழும், பல நாள் விழும். ஆனாலும் தாளைப் பூபதி இழுத்துக்கொள்ளவில்லை.

"தெரியுங் மச்சான். நீங்க பாத்துட்டீங்க" என்றான். "நான் இன்னும் பாக்கலீங்க."

லாரிக்காரர் தாளைத் தயங்கி வாங்கினார், சட்டைப் பையில் கண்ணாடியைத் துழாவினார். "எனக்கு இங்கிலீசு எழுத்துக்கூட்டித்தான் வருமுங் தம்பி. நேரமாகும்."

"பரவால்லீங்கண்ணா, எழுத்துக்கூட்டியே படிங்க" என்றான் பூபதி. "மணி இன்னும் அஞ்சாகல."